கறுவலின் வாளி

எங்கள் காளை கறுவல், அம்மாவைக் கிணற்றடியில் மறித்து வைத்திருந்தான். அம்மா குளித்துவிட்டு மார்புக்கு மேல் கட்டிய ஈரக் குறுக்குக்கட்டோடு கிணற்றுக் கட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். இந்தப் பக்கம் அவன். தன்னைக் கட்டியிருந்த கட்டையைப் பிடுங்கிக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு வந்தவன், தலையைத் தாழ்த்தி, முன்காலால் செம்மண்ணை வாரித் தன் வயிற்றிலேயே அடித்துக்கொண்டிருக்கிறான். அம்மா இடப்பக்கம் ஓரடி வைத்தால் அவனும் இடப்பக்கம் வருகிறான். வலப்பக்கம் வைத்தால் வலப்பக்கம். பள்ளிக்கூடத்தில் நாங்கள் கிளித்தட்டு ஆடும்போது இப்படித்தான் மறிப்போம். ஆனால் அம்மாவின் முகத்தில் விளையாட்டு இல்லை.

"பிள்ளை, கிட்ட வராதை! அப்பாவைக் கூப்பிடு!"

அப்பா வெங்காயம் கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போயிருந்தார். வீட்டில் இருந்தவர் சித்தப்பா. அப்பாவின் தம்பி, கலியாணம் கட்டாதவர், எங்களோடு இருந்தவர். சித்தப்பா வீரர். அதாவது, வீரமாகக் கதைப்பவர். ஒரு பூவரசந் தடியை எடுத்துக்கொண்டு, "டேய்!" என்றபடி ஓடிவந்தார். கறுவல் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை ஒன்றே போதுமாக இருந்தது. தடி ஒரு பக்கம் கிடக்க, சித்தப்பா கொய்யா மரத்தில் இருந்தார். மரத்திலிருந்தபடியே, "அண்ணி, பயப்பிடாதையுங்கோ, நான் இருக்கிறன்" என்று தைரியம் சொன்னார்.

அம்மாவைக் காப்பாற்றியது சித்தப்பாவும் இல்லை, நானும் இல்லை. பக்கத்து வளவில் மாமி வளர்த்த பசு கத்தியது. கறுவல் காதை நிமிர்த்தினான். மூக்கை உயர்த்திக் காற்றை இழுத்தான். அதன்பிறகு அம்மா அவன் கண்ணில் படவில்லை. கிளுவை வேலியைப் பிய்த்துக்கொண்டு அடுத்த வளவுக்குள் இறங்கினான். அங்கே மாமியின் வெங்காயத் தறைகள் அறுவடைக்கு நின்றன. அவன் அவற்றின் மேலாகவே ஓடினான்.

அம்மா கிணற்றுக் கட்டில் அப்படியே குந்திவிட்டார். எனக்கு அம்மாவை நினைத்து வந்த பயத்தைவிடக் கறுவலை நினைத்து வந்த பயம்தான் கூடுதலாக இருந்தது. இதைச் சொன்னால் அம்மா கோபிப்பார்; ஆனால் அதுதான் உண்மை. இனி அவனை விற்றுவிடுவார்கள் என்று எனக்கு உடனே விளங்கியது.

நாங்கள் இடம்பெயர்ந்து இருந்துவிட்டுக் கீரிமலைப் பக்கத்துச் சொந்தக் காணிக்குத் திரும்பி வந்து, பூசாத கல்வீட்டில் குடியிருந்த காலம் அது. வந்த புதிதில் அப்பா ஒரு பசு வாங்கினார். அதற்கு ஊசி மூலம் சினைப்பிடித்துப் பிறந்தவன்தான் கறுவல். தகப்பன் வெளிநாட்டுச் சாதி என்று சொன்னார்கள். தகப்பனை யாரும் பார்த்ததில்லை. பசுக்கன்று பிறக்கும் என்று காத்திருந்த அப்பா, நாம்பன், அதாவது காளைக் கன்று, என்றதும் தோட்டத்துக்குப் போய்விட்டார். நிறம் அடுப்புக்கரி. முதுகு பலகை அடித்தாற்போல நேர். கழுத்திலிருந்து வால்வரை ஒரு மேடு பள்ளம் கிடையாது.

பால் விற்பனைக்குப் போனதால் கன்றுக்குத் தாய்மடி அதிகம் கிடைக்கவில்லை. கழுநீரில் தவிடும் எள்ளுப் பிண்ணாக்கும் கரைத்து அலுமினிய வாளியில் வைப்பது என் வேலை. அந்த வாளியின் கம்பிப் பிடி ஒரு பக்கம் தளர்ந்திருந்தது. நடக்கும்போது கிலுக் கிலுக் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் கறுவல் எங்கே நின்றாலும் வருவான். தாயைக் கண்டாலும் அப்படி வரமாட்டான். நானும் பத்து வயதில் அதைப் பெரிய பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். மாடு என்னை நோக்கி வருகிறது என்றுதான் நினைத்தேன், பிண்ணாக்கை நோக்கி வருகிறது என்று நினைக்கவில்லை.

இரண்டு வயது தாண்டியதும் அவன் வேறொருவன் ஆனான். கழுத்துத் தடித்தது. தோள் இரண்டும் திரண்டு முன்னால் தள்ளின. பின்பக்கம் அதே மெலிவில் நின்றது. ஒரு நாள் சாந்தமாகப் பனையோலை தின்றுகொண்டு நிற்பான். அடுத்த நாள் ஒரு காரணமும் இல்லாமல் கட்டையைச் சுற்றிச் சுற்றி வந்து, கொட்டில் தூணை முட்டி, அடித்தொண்டையால் உறுமுவான். காலையில் போய்ப் பார்த்தால் அவன் நிற்கும் இடம் உழுத நிலமாகக் கிடக்கும்.

வெங்காயத் தறை அழிந்த அன்று மாலை மாமி எங்கள் வளவு வாசலில் நின்று கதைத்ததை இங்கே எழுத முடியாது. அப்பா தலை குனிந்து கேட்டுக்கொண்டார். இரண்டு நாளில் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். வெள்ளைச் சேர்ட், சிரித்த முகம். அவர் மாடு வாங்குகிறவர் என்று மட்டும் எனக்குச் சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் மாடு விற்பதைப் பற்றிக் கதைக்கலாம். எதற்கு விற்கிறோம் என்று கதைக்கக் கூடாது. நாங்கள் சைவ சமயக்காரர். செவ்வாயும் வெள்ளியும் வீட்டில் மச்சம் சமைப்பதில்லை. மற்ற நாளில் மீன் உண்டு, ஆடு எப்போதாவது. மாட்டை அந்தக் கணக்கில் சேர்த்துப் பேசவே கூடாது. ஆனாலும் பால் வற்றிய பசுக்களும் உதவாத நாம்பன்களும் ஊரில் ஒரு வீட்டிலும் கிழடு தட்டிச் சாவதில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். "அங்காலை குடுத்தாச்சு", அந்தப் பக்கம் கொடுத்தாயிற்று, என்பார்கள். அங்காலை எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

எனக்கு மட்டும் அது எங்கே என்று தெரியும். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த ஒருத்தி சொல்லியிருந்தாள். அதனால் அந்த மனிதர் கறுவலைச் சுற்றிவந்தபோது நான் குசினி யன்னலுக்குக் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். கறுவல் அவரைக் கண்டதும் கயிறு விறைக்க இழுத்து உறுமினான். அவர் கிட்டப் போகவில்லை. எட்ட நின்றே பார்த்தார்.

"எலும்பு நல்ல எலும்பு. ஆனால் நாம்பன். எல்லாம் கழுத்திலையும் தோளிலையும்தான் நிக்குது, பின்னுக்கு ஒண்டுமில்லை. கொழுப்பும் பிடியாது. உப்பிடிச் சன்னதம் ஆடுறதை ஏத்தி இறக்கினால் கறுத்துப் போகும், சவ்வு மாதிரி இருக்கும். ஒருத்தரும் விரும்பமாட்டினம்" என்றார். பிறகு குரலைத் தணித்தார். "நலமடிச்சுப்போட்டு ஒரு வருசம் வடிவாப் பாருங்கோ. பிறகு நான் வாறன்."

கறுவல் ஏற்கெனவே கறுப்புத்தானே, இன்னும் எப்படிக் கறுப்பான் என்று யோசித்தேன். மற்றபடி எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: அந்த மனிதருக்கு அவனுடைய குணம் பிடிக்கவில்லை. குணம் கெட்டதால் தப்பிவிட்டான். அவர் போகும்போது நல்ல புத்தியும் சொல்லிவிட்டுப் போகிறார். டொக்டர் மருந்து எழுதிக் கொடுப்பதைப்போல.

நலமடித்தல் என்றால் காளையின் விதையை நசுக்கிவிடுவது. எங்கள் பக்கத்தில் அதற்கு அப்படித்தான் பெயர். எனக்கு அப்போது அது தெரியாது. "எதை அடிக்கிறது?" என்று கேட்டேன். "உனக்கு உது தேவையில்லை" என்றார் அம்மா. ஏதோ தடுப்பூசி என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று இராச் சாப்பாட்டில் அம்மாதான் பேச்சைத் தொடங்கினார். கிணற்றடியில் மறிபட்ட அதே அம்மா.

"நலமடிச்சால் அடங்கிடும். பிறகு ஏன் விக்கிறது? கொட்டிலிலை நிக்கட்டும். சாணி எண்டாலும் தோட்டத்துக்கு உதவும். இந்த வளவிலை முதல்முதல் பிறந்த சீவன். அதை அங்காலை குடுக்க எனக்கு மனமில்லை."

"அண்ணி, உவன் உங்களையே கொல்லப் பாத்தவன்" என்றார் சித்தப்பா.

"கொல்லேல்லைத்தானே."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சித்தப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்தார். "சரி, நலமடிப்பம்" என்றார். அம்மாவும் நானும் வென்றுவிட்டோம். அப்பாவைப் பேச்சில் வெல்வது எங்கள் வீட்டில், மாடுகளுக்கு வருடம் ஒருமுறை வரும் பட்டிப்பொங்கலைவிட அரிதாக வருவது. ஆனபடியால் அந்த வெற்றி ஏன் இத்தனை சுலபமாக வந்தது என்று நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை.

மாட்டு டொக்டர் ஒரு சனிக்கிழமை காலை வந்தார். இளம் வயதுக்காரர். பையிலிருந்து நீண்ட பிடி வைத்த ஒரு பெரிய குறட்டை எடுத்தார். அதைக் கண்டதும் தடுப்பூசி என்ற நினைப்பு எனக்குப் போய்விட்டது.

"நல்லாய்ப் பிந்திப்போச்சு. கன்றுக்குட்டியாய் இருக்கேக்கை செய்திருக்கவேணும்" என்று அப்பாவைக் கடிந்துகொண்டார். "இனிச் செய்தாலும் நாளைக்கே பசுவாய் மாறிடும் எண்டு நினையாதையுங்கோ. பழகின குணம் போக நாள் எடுக்கும். சிலதுக்குப் போகாமலும் இருக்கும்."

அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். பெண்பிள்ளை பார்க்கக் கூடாதாம். யன்னலைச் சாத்த மறந்துவிட்டார். அல்லது அவருக்கும் பார்க்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கையில் இருந்து இரண்டு பேரை அப்பா உதவிக்குக் கூப்பிட்டிருந்தார். கழுத்திலும் மார்பிலும் வயிற்றிலும் கயிறு சுற்றிப் பின்னுக்கு இழுத்தார்கள். கறுவலின் கால்கள் மெல்ல மடங்கின. அவ்வளவு பெரிய உடம்பு சத்தமில்லாமல் சரிந்தது. சித்தப்பா கால்களைக் கட்டினார். தும்புக் கயிறு. "உது யானையைக் கட்டலாம்" என்று அவரே சொல்லிக் கொண்டுவந்த கயிறு. டொக்டர் மரக்கச் செய்யும் விறைப்பு ஊசி போட்டுச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் குறட்டோடு குனிந்தார். கறுவல் ஒருதரம் கத்தினான். அதுவரை நான் அவனிடம் கேட்டிராத சத்தம் அது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "பிள்ளையாரே" என்றார்.

"ஒரு பக்கம் சரி" என்றார் டொக்டர். "அசையாமல் பிடியுங்கோ, மற்றப் பக்கம்..."

கயிறு அறுந்தது.

என்ன நடந்தது என்று பார்ப்பதற்குள் கறுவல் எழுந்துவிட்டான். ஒழுங்கைக்காரர் இருவரும் வேலிக்கு அந்தப் பக்கம். டொக்டர் குறட்டை விடாமல் கிணற்றுக் கட்டில் ஏறி நின்றார். சித்தப்பாவுக்கு இந்தமுறை கொய்யா மரம் எட்டவில்லை. கறுவல் தலையால் அவரைத் தள்ளிக்கொண்டு போய்த் தென்னையோடு வைத்து நெரித்தான். சித்தப்பாவின் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அப்பா தடியால் அவனுடைய முதுகில் அடித்தார், அடித்தார், தடி முறிந்தது. கறுவல் பின்வாங்கினான். சித்தப்பா மரத்தடியில் சரிந்து இருந்தார். கறுவல் பின்வாங்கியது விடுவதற்கு அல்ல, திரும்பவும் ஓடிவருவதற்கு என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

நான் எப்போது வாளியை எடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை. குசினி மூலையில் காலைக் கழுநீரோடு அது இருந்தது. அம்மா, "பிள்ளை!" என்று கத்தியது பின்னால் கேட்டது. நான் முற்றத்தில் நின்று பிடியை ஆட்டினேன். கிலுக். கிலுக்.

அவன் காது அசைந்தது. திரும்பினான். கண் சிவந்து, மூக்கில் நுரை. ஒரு கணம் நான் அவனுக்கு யார் என்று எனக்கே தெரியவில்லை. ஓடச் சொல்லி எல்லோரும் கத்துகிறார்கள், நான் பிடியை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவன் நடந்து வந்தான். பின்காலை அகட்டி, நொண்டி நொண்டி வந்தான். நான் பின்னுக்குப் பின்னுக்காக அடி வைத்துக் கொட்டிலுக்குள் போனேன். அவனுடைய மூச்சு என் கையில் சுட்டது. என்னைப் பார்த்தான் என்று எழுத ஆசைதான். பார்க்கவில்லை. வாளியைத்தான் பார்த்தான். முகத்தை உள்ளே வைத்து உறிஞ்சத் தொடங்கினான்.

அப்பா மூக்கணாங்கயிற்றைத் தூணில் இறுக்கிவிட்டார். பலகை வைத்து நெருக்கி, நின்றபடியே மற்றப் பக்கத்தையும் செய்தார்கள். அதற்குள் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். முதலில் கன்னத்தில் ஓர் அறை. பிறகு நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வெளியே கறுவல் இரண்டாம்தரம் கத்தியதை நான் அம்மாவின் நெஞ்சுக்குள் இருந்துதான் கேட்டேன்.

சித்தப்பாவுக்கு விலா எலும்பு உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியால் வந்து படுத்தபடி, மூச்செடுக்க முடியாத வலியிலும், "உவனை இண்டைக்கே ஏத்துங்கோ அண்ணை" என்றார்.

"இப்ப ஏத்தினால் ஆர் எடுப்பினம்? பொறு" என்றார் அப்பா.

அப்பாவுக்கும் கறுவல் மேல் இரக்கம் வந்துவிட்டது என்று எனக்குச் சந்தோசமாக இருந்தது.

அதன்பிறகு வந்த வாரங்கள்தான் எல்லாவற்றையும்விடக் கொடியவை. கறுவலுக்குப் பின்பக்கம் வீங்கியது. தீன் எடுக்கவில்லை, வற்றிப்போனான். வீக்கம் வடிந்த பிறகும் உறுமினான். டொக்டர் சொன்ன 'போகாமலும் இருக்கும்' என் காதில் கேட்டபடியே இருந்தது. இன்னும் ஒருதரம் அவன் யாரையாவது முட்டினால் கதை முடிந்தது. அம்மா தினமும் காலையில், "இண்டைக்கும் கிளறினவனோ?" என்று கேட்பார். நான் அம்மாவுக்கு முதல் எழும்பிப் போய், அவன் கிளறிய மண்ணைக் காலால் தள்ளிச் சமப்படுத்தி, மேலே வைக்கோலும் தூவிவிட்டு, "இல்லை" என்று சொல்வேன். என் பாதம் எப்போதும் சிவப்பாக இருந்தது. அம்மா அதைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.

மெல்ல மெல்லக் கிளறல் குறைந்தது. பிறகு ஒரு காலை நான் சமப்படுத்தப் போனால் சமப்படுத்த ஒன்றுமில்லை. மாமியின் பசு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தியது. கறுவல் அசைபோட்டுக்கொண்டே இருந்தான். நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வந்து தூரத்தில் நின்று பார்த்தார். பிறகு கிட்ட வந்தார். கையை நீட்டி அவன் நெற்றியில் வைத்தார். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அடங்கியதும் அவனுடைய உருவமும் மாறியது. தடித்த கழுத்து இறங்கியது. மெலிந்த பின்பக்கம் நிரம்பியது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. தோல் எண்ணெய் பூசியதுபோல மினுங்கியது. அப்பா சந்தையால் வரும்போது பிண்ணாக்கு முன்பைவிடக் கூடுதலாக வாங்கிவந்தார். தன் செருப்பு அறுந்தால் கம்பியால் கட்டிப் போடுகிறவர், கறுவலின் தீனுக்கு ஒரு குறையும் விடவில்லை. பின்னேரங்களில் அவன் படுத்திருப்பான். நான் அந்த நேரான முதுகில் கொப்பியை விரித்து வீட்டுப்பாடம் எழுதுவேன். எழுத்துக் கோணாமல் வந்தது. சித்தப்பாகூட ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிட்டப் போனார். கறுவல் அவருடைய கையை நக்கினான். "உவன் இப்ப சாமியார்" என்று சித்தப்பா எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். தான்தான் அடக்கியதாகவும் சில இடங்களில் சொன்னதாகக் கேள்வி.

பட்டிப்பொங்கலுக்கு அம்மா அவனுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டார். மாலையைக் கறுவல் தின்றுவிட்டான். அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

அடுத்த மாதம் அந்த மோட்டார் சைக்கிள் வந்தது.

அப்பா தோட்டத்தில் இருந்தார். விற்பதில்லை என்று வீட்டில் முடிவான பிறகு எனக்கு அவரிடம் பயம் இல்லை; நான்தான் கறுவலிடம் கூட்டிக்கொண்டு போனேன். அந்த மனிதர் இந்தமுறை எட்ட நிற்கவில்லை. முதுகின் இருபக்கமும் விரலை ஊன்றி அழுத்தினார். வால் தொடங்கும் இடத்தைக் கையால் பிடித்துப் பார்த்தார். கவட்டுத் தோலை இழுத்துப் பார்த்தார். இப்படித் தடவிக்கொடுக்கிறாரே, நல்ல மனம் என்று நினைத்தேன். அவன் என்ன தின்பான், எவ்வளவு தின்பான், இப்போது எப்படிச் சாது என்று நானே எல்லாம் சொன்னேன். அவன் சாது என்பதைக் காட்ட அவனுடைய வயிற்றுக்குக் கீழாலும் குனிந்து போய்வந்தேன். கெட்டகுணக்காரன் என்று ஒதுக்கிவிட்டுப் போனவர் இப்போது வாயடைத்துப் போகவேண்டும் என்று எனக்கு ஆசை.

"பிள்ளையோ வளர்த்தது?"

"ஓம்."

"கெட்டிக்காரி" என்றார்.

நான் துள்ளிக்கொண்டு போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவுகிற கை நின்றது.

அன்று பின்னேரம் அப்பாவும் அம்மாவும் கொட்டிலடியில் நின்று கதைத்தார்கள். எனக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. பசு திரும்பவும் சினை, வைக்கோல் ஒன்றுக்கே காணாது, சும்மா நிற்கிற மாட்டுக்கு எத்தனை காலம் தீன் போடுவது என்று அப்பா சொன்னார். அம்மாவின் கை உயர்ந்து உயர்ந்து விழுந்தது. கடைசியில் அம்மா கேட்டது தெளிவாகக் கேட்டது.

"எதுக்காம்?"

அப்பா கறுவலின் கயிற்றை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினார்.

"வண்டிக்கு" என்றார். "தென்மராட்சிப் பக்கம். வண்டிக்குத்தான்."

அம்மா கறுவலையே பார்த்துக்கொண்டு நின்றார். நெடுநேரம். பிறகு என்னிடம் வந்து, "கறுவல் வண்டி இழுக்கப் போறான்" என்றார். அவ்வளவுதான், குசினிக்குள் போய்விட்டார்.

அழுதேன். ஆனால் மனதின் ஒரு மூலையில் ஆறுதலும் இருந்தது. அங்காலை இல்லை, வண்டிக்கு. கழுத்தில் வெண்டய மணியும் கொம்பில் குஞ்சமுமாகக் கறுவல் தென்மராட்சி ஒழுங்கைகளில் ஓடுவதைப் படுக்கையில் கிடந்து பார்த்தேன்.

சின்ன லொறி ஒன்று வந்தது. விற்ற மாட்டோடு வீட்டுக் கயிற்றைக் கொடுப்பதில்லை. அப்பா எங்கள் கயிற்றைக் கழற்ற, அந்த மனிதர் கொண்டுவந்த புதுக் கயிறு கறுவலின் கழுத்தில் ஏறியது. அம்மா அவன் நெற்றியில் திருநீறு பூசினார். லொறியின் பின்பக்கம் பலகை சாத்தியிருந்தது. கறுவல் பலகையை முகர்ந்தான். நின்றுவிட்டான். இழுத்தார்கள். முன்காலிரண்டையும் ஊன்றிக்கொண்டான். லொறியோடு வந்த ஒருவன் தடியை ஓங்கினான்.

"அடியாதை! அடிச்ச இடம் கண்டிப்போகும்!" என்று அந்த மனிதர் பாய்ந்து தடுத்தார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது.

"பிள்ளை, உன்ரை வாளியைக் கொண்டு வா" என்றார் சித்தப்பா.

நான் பறந்தேன். கழுநீர், தவிடு, இருந்த பிண்ணாக்கு முழுவதையும் கொட்டிக் கரைத்தேன். எத்தனை ஆண்கள் நின்றும் முடியாத காரியம் என் கையில்தான் இருக்கிறது. வாளியோடு பலகையில் ஒரு கால் வைத்தேன். பிடி கிலுங்கியது. கறுவல் காதைத் திருப்பினான்.

அப்போது என் கையிலிருந்து வாளி போய்விட்டது. அம்மா பறித்துவிட்டார்.

"நீ உள்ளுக்கை போ."

"அம்மா! நான் கூப்பிட்டால்தான் வருவான்!"

"போ எண்டு சொல்லுறன்!"

அம்மா அப்படி என்னிடம் கத்தியதில்லை. அவரே பலகையில் ஏறினார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்னுக்குப் பின்னுக்காக அடி வைத்து, பிடியை ஆட்டினார். கறுவல் அம்மாவின் பின்னால் போனான். கிணற்றடியில் அவரை மறித்தவன், குழந்தைபோல அவருடைய கையைப் பார்த்துக்கொண்டு லொறிக்குள் ஏறினான். வாளி காலியாகும்வரை அம்மா உள்ளேயே நின்றார். பிறகு இறங்கிவந்தார். ஒருவரையும் பார்க்கவில்லை. லொறி ஒழுங்கையால் திரும்பியது.

"ஏன் பறிச்சனீங்கள்? என்ரை வாளி! நான்தான் அவனை வளர்த்தது!"

"பலகை வழுக்கும்" என்றார் அம்மா.

அவர் நேராகக் கிணற்றடிக்குப் போனார். காலையில்தான் முழுகியிருந்தார். இப்போது உச்சி வெயிலில், கட்டிய சேலையோடு, திரும்பவும் தலைக்கு அள்ளி ஊற்றத் தொடங்கினார். அவர் போட்டுவிட்டுப் போன வாளியை எடுத்துக்கொண்டு நான் பின்னால் ஓடிக் கத்தினேன். அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

அம்மாவோடு நான் பல நாள் கதைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மட்டும் எல்லோரிடமும் சொன்னேன்: எங்கள் கறுவல் தென்மராட்சியில் வண்டி இழுக்கிறான். சிலர் சிரித்தார்கள். பொறாமை என்று நினைத்தேன். பஸ்ஸில் போகும்போது மாட்டுவண்டி கண்டால் எட்டிப் பார்ப்பேன். கறுப்பு மாடு என்றால் இன்னும் எட்டிப் பார்ப்பேன்.

அப்படி ஒரு நாள், வளர்ந்து யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் படிக்கிற காலத்தில், பலாலி வீதியில் பஸ் நின்ற இடத்தில் பக்கத்தில் ஒரு மாட்டுவண்டியும் நின்றது. பழக்கத்தில் எட்டிப் பார்த்தேன். கறுப்பு மாடு இல்லை. இரண்டு வெள்ளை மாடுகள். அவற்றின் கழுத்தில் நுகம் இருந்தது. வண்டிக்காரர் ஒரு மாட்டைத் தட்ட, அது முன்னே உந்தியது. நுகம் பின்னே நகர்ந்து திமிலில் முட்டி நின்றது. திமில்தான் வண்டியை இழுத்தது.

என் கை தானாகவே மடியில் இருந்த கொப்பியைத் தடவியது. கழுத்திலிருந்து வால்வரை ஒரு மேடு பள்ளம் இல்லாத முதுகு. அவன் மேல் நுகம் எங்கே தங்கும்? வால்வரை வழுக்கிக்கொண்டு போயிருக்கும். இது அப்பாவுக்குத் தெரியும். சித்தப்பாவுக்குத் தெரியும். வண்டி கண்ட எந்தத் தோட்டக்காரருக்கும் தெரியும். 'வண்டிக்கு' என்று அப்பா சொன்னபோது அம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது அந்த முதுகைத்தான்.

எங்கள் பக்கத்தில் உச்சி வெயிலில், கட்டிய சேலையோடு, ஒருவரோடும் கதைக்காமல் தலைக்கு ஊற்றுவது செத்த வீட்டுக்குப் போய்வந்தால்தான். அதைக்கூட அறியாத பிள்ளையாக நான் அன்று கிணற்றடியில் நின்றேன். கறுவலைக் கடைசியாகக் கூப்பிடும் பெருமையை அம்மா எனக்குத் தராமல் தானே எடுத்துக்கொண்டார் என்று, வெறும் வாளியைக் கட்டிப்பிடித்தபடி அழுதுகொண்டிருந்தேன்.